மெல்ல நடக்கும் நோய்: தொழுநோய் ஆராய்ச்சி வரலாறும் மலைநாடும்

பதுளை நகரினின்றும் நமுனுகுலை மலையை நோக்கி ஏறிச் செல்லுஞ் சாரலில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் அமைந்துள்ளது. கோப்பிப் பயிர் செழித்திருந்த காலந்தொட்டு, அது நோயால் அழிந்து தேயிலை அதனிடத்தைக் கைப்பற்றிய பின்னரும், இச்சாரலில் உழைத்தோர் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை முதலிய சில்லாக்களினின்றும் வந்த தமிழ் மக்களே. அவர்கள் கடல் கடந்து வந்த வழியையும், வழியில் அவர்களை நிறுத்தி வைத்த முகாம்களையும் பற்றி வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். 1917 முதல் இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் நடத்திய முகாமில், தோட்டங்களுக்கு வருவோர் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் கட்டப்பட்டு, வைத்தியரால் பார்வையிடப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். வாந்திபேதி, பெரியம்மை, கொள்ளைநோய் ஆகியவற்றைத் தடுப்பதே அம்முகாமின் நோக்கம். அவை சில நாட்களிலோ, மிஞ்சினால் இரண்டொரு வாரங்களிலோ வெளிப்பட்டுவிடும் நோய்களாதலின், முகாம் ஓரளவு தன் காரியத்தைச் செய்தது என்றே கொள்ளலாம்.

ஆனால் எந்த முகாமாலும் மறித்து நிறுத்த முடியாத நோய் ஒன்று உண்டு. அந்நோயின் கிருமி ஒருவர் உடலிற் புகுந்து முதற் குறி தோன்றுவதற்குச் சராசரி ஐந்தாண்டுகள் செல்லும். இருபது ஆண்டுகள் செல்லுதலும் உண்டு. மண்டபத்தில் ஒரு குறையுமில்லாதவனாகக் கணக்கெழுதப்பட்ட இளைஞன், லயனிற் குடியேறி மணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்ற பின்னர், முதுகில் ஒரு வெளிறிய படையைக் காணுதல் கூடும். அதனை அவன் தாயகத்தினின்றும் கொணர்ந்தானா, இங்கே பெற்றானா என்று எவரால் உரைக்க முடியும்? தொழுநோய் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு முழுவதும் இந்தத் தாமதத்தோடு மனிதன் நடத்திய போராட்டமே என்று கூறலாம். காரணத்தைத் தேடியோர் தடுமாறியதும், சட்டஞ் செய்தோர் பிழைபட்டதும், மருந்து கண்டோர் ஏமாற்றமுற்றதும் இந்நோயின் மெல்லிய நடையினாலேயே ஆகும்.

வாந்திபேதிக் கிருமி அரைமணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்து பெருகும். தொழுநோய்க் கிருமியோ ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முதற் பதினான்கு நாட்களை எடுத்துக்கொள்கிறது. குளிர்ச்சியான இடங்களையே அது விரும்பும். ஆகவே தோல், மூக்கின் உட்புறம், தோலுக்கு அண்மையிலோடும் நரம்புகள் ஆகியவற்றிற் குடிகொள்கிறது. நரம்பு மரத்தபின் வலி இல்லை. வலி இல்லாமையின் முறையீடும் இல்லை. தேகத்தை அழிக்கும் நோய்களுள் இத்துணை அமைதியாக வேலை செய்வது பிறிதொன்று உண்டோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

நம் முன்னோர் இதனைக் குட்டம் என்றும், பெருநோய், பெருவியாதி என்றும் வழங்கினர். ஆயுள்வேத நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தன. அப்பதினெட்டும் இன்று நாம் தொழுநோய் என்பதையே குறிப்பன அல்ல. சொறி, படை முதலிய தோல் நோய்கள் பலவும் அவற்றுள் அடங்கும். இப்பெயர்க் கலப்பினால் விளைந்த தீங்கு சிறிதன்று. கிருமி எதனோடும் தொடர்பில்லாத வெண்குட்டம் உடைய ஒரு பெண்ணையும் ஊரார் விலக்கி வைத்ததற்கு அப்பெயரே ஏதுவாயிற்று. ஆயினும் பழைய வைத்தியர் உணர்ச்சியற்ற படையைத் தனியே கவனித்து எழுதியமை அவர்தம் நுண்ணோக்கினைக் காட்டுகின்றது. நோய் இந்நிலப்பகுதிக்குப் பழையது என்பதற்கு எலும்புச் சான்றும் கிடைத்துள்ளது: இராசத்தானத்துப் பாலாதல் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழைமையுடைய எலும்புக்கூடு ஒன்றில் இந்நோயின் வடு இருப்பதை ஆய்வாளர் 2009 இல் வெளியிட்டனர். நம் தீவின் தென்கரையில் வெலிகமையில் பாறையிற் செதுக்கப்பட்ட பெருஞ்சிலையொன்றைக் குஷ்டராசன் சிலை என்று மக்கள் வழங்குவர். தோல்நோயுற்ற அரசனொருவன் தென்னையின் பயனால் நலம்பெற்றான் என்பது அதுபற்றிய கர்ணபரம்பரை. சிலை போதிசத்துவருடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. எனினும், மக்கள் அதனை நோயுற்ற அரசனாகவே கண்டனர் என்பதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. அரசனுக்கு வந்தால் கதை, ஏழைக்கு வந்தால் விலக்கு.

விலக்கிற்கு நம்மிடையே கூறப்பட்ட நியாயம் முன்வினை என்பதாம். கண்ணபிரானின் மைந்தன் சாம்பன் சாபத்தால் இந்நோயுற்றுச் சூரியனை வழிபட்டு நீங்கப்பெற்றான் எனப் புராணங் கூறும். அக்கதையில் நோய் நீங்குகின்றது. நோய் நீங்கியவன் மீண்டும் சமுகத்தில் ஏற்கப்படுகின்றான். பிற்காலத்தார் கதையின் முற்பாதியை நினைவில் வைத்துப் பிற்பாதியை மறந்தனர் போலும்.

இதனை நம்மவரின் அறியாமை என்று மேனாட்டார் எள்ளி நகையாடுதற்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வைத்திய உலகின் தீர்ப்பும் ஏறத்தாழ இதுவாகவே இருந்தது. வினை என்னாது பரம்பரை என்றனர், அவ்வளவே. நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் டானியல்சன், பூக் என்னும் இருவர் 1847 இல் வெளியிட்ட பெருநூல் இந்நோயின் வகைகளை முதன்முதற் செம்மையாக விளக்கியது. அந்நூலும் நோய் குடிவழியாக வருவது என்றே கொண்டது. தம் கொள்கையில் டானியல்சனுக்கு இருந்த உறுதி எத்தகையதெனின், நோயாளரின் கழலைப் பொருளைத் தம் உடலிலேயே பலமுறை ஏற்றிக்கொண்டார், நோய் பற்றவில்லை. இலண்டன் அரச வைத்தியக் கல்லூரி 1862 இற் குடியேற்ற நாடுகளெங்கும் வினாக்களை அனுப்பி விடைகளைத் தொகுத்து, 1867 இல் வெளியிட்ட அறிக்கையிலும் இது தொற்றுநோயன்று எனக் கூறிற்று. நோய் நோயாளியின் குருதியிலேயே பிறந்தது என்றால் பிறருக்குப் பொறுப்பில்லை; ஆராயவும் பெரிதாக ஒன்றுமில்லை. வினைக் கொள்கைக்கும் பரம்பரைக் கொள்கைக்கும் உள்ள ஒற்றுமை இதுவே.

இத்தவறு நிகழ்ந்ததற்கும் காலத்தாமதமே காரணம். தந்தைக்கு நோய், பத்தாண்டு கழித்து மகனுக்கு நோய். இடையில் நடந்ததைக் கண்ணுற்றவர் யாருமில்லை. ஆகவே குடிவழி என்றனர். ஒரே கூரையின்கீழ் ஒரே பாயிற் படுத்த பத்தாண்டுகள் அவர்கள் கண்ணிற் படவில்லை.

அவற்றைக் கண்டவர் டானியல்சனின் கீழ்ப் பணியாற்றி அவர்தம் மருமகனுமான கெர்ஹார்ட் அர்மவர் ஹான்சன். அவருக்குக் கருவியாய் அமைந்தவை இரண்டு. ஒன்று நுணுக்குக்காட்டி, 1873 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் நோயாளரின் கழலையிற் கோல்வடிவான நுண்ணுயிர்களை அவர் கண்டார். மனிதரின் நாட்பட்ட நோயொன்றுக்குக் கிருமியே காரணம் எனச் சுட்டிய முதற் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று; கொக் காசநோய்க் கிருமியைக் கண்டது 1882 இலேயே. மற்றையது, நம்மவர் கவனிக்க வேண்டியது, ஒரு பதிவேடு. நோர்வே அரசாங்கம் 1856 முதல் நாட்டிலுள்ள தொழுநோயாளர் ஒவ்வொருவரையும் ஊர், குடும்பம், உறவு என்பவற்றோடு பதிந்து வந்தது. அப்போது அங்கே ஏறத்தாழ மூவாயிரம் நோயாளர் இருந்தனர். அப்பதிவேட்டைப் புரட்டிய ஹான்சன், நோயாளரைப் பிரித்துவைத்த மாவட்டங்களில் புதியோர் தொகை விரைந்து குறைவதையும், பிரிக்காத இடங்களில் அவ்வாறு குறையாமையையும் கண்டார். நுணுக்குக்காட்டி காட்டியதைப் பலர் மறுத்தனர். கணக்கை மறுப்பது கடினமாயிற்று.

அவர் செய்த மற்றொரு சோதனை புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் படிக்கும் நமக்குப் பெரிதும் இயைபுடையது. நோர்வேயினின்றும் வறுமையால் அமெரிக்காவுக்குக் குடியேறிய உழவருட் தொழுநோயுற்றோரும் இருந்தனர். பரம்பரைக் கொள்கை மெய்யாயின் அவர்தம் சந்ததியாரிடை நோய் தோன்ற வேண்டும். 1888 இல் ஹான்சன் கடல் கடந்து சென்று, விஸ்கொன்சின், மினசோட்டா முதலிய பகுதிகளில் அக்குடும்பங்களைத் தேடித் திரிந்தார். அமெரிக்க மண்ணிற் பிறந்த சந்ததியாருள் ஒரு நோயாளியைத்தானும் அவர் காணவில்லை. குருதி மாறவில்லை, வீடு மாறியிருந்தது. விசாலமான வீடுகளும் நல்லுணவும் தனிப்படுக்கையும் பெற்ற குடிகளிடம் நோய் தானே மாய்ந்தது. அதே நூற்றாண்டில், வேறொரு வறிய உழவர் கூட்டம் வேறொரு கடலைக் கடந்து ஊவா மலைகளுக்கு வந்தது. அவர்களுக்குக் கிடைத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பரா.

ஹான்சனின் பெருமையைக் கூறுமிடத்து அவரது குற்றத்தையும் கூறுதல் வரலாற்றின் கடன். கிருமியைப் பிற ஊடகத்தில் வளர்க்க இயலாது திகைத்த அவர், 1879 இல் மருத்துவமனையிலிருந்த பெண்ணொருத்தியின் கண்ணில், வேறொருவரின் கழலைப் பொருளை அவளது இசைவின்றி ஊசியால் ஏற்றினார். வழக்கு நடந்தது, 1880 இல் நீதிமன்றம் அவரை அம்மருத்துவமனைப் பதவியினின்றும் நீக்கியது. நோயாளியின் இசைவு என்னும் கொள்கை வைத்திய வரலாற்றில் எழுந்த காலம் பற்றி எழுதுவோர் இவ்வழக்கை விடுவதில்லை. பேர்கனிற் பெற்ற மாதிரிகளுக்குச் சாயமேற்றிக் கிருமியைத் தெளிவாகக் காட்டிய நைசர், கண்டுபிடிப்பைத் தமதென உரிமை கொண்டாடியதும் இக்காலத்ததே. அப்பூசலை விரித்தல் ஈண்டு வேண்டுவதில்லை.

கிருமி கண்டமையால் நோயாளிக்கு நன்மை விளைந்ததா? உடனடியாக விளைந்தது தீமையே எனலாம். பரம்பரை எனப்பட்ட காலத்தில் இழிந்தவனாகக் கருதப்பட்டவன், இப்போது ஆபத்தானவனாகவுங் கருதப்பட்டான். ஹவாய்த் தீவுகளில் மொலொக்காயில் நோயாளருக்குத் தொண்டு செய்த தாமியன் அடிகளார் அந்நோயினாலேயே 1889 இல் உயிர் நீத்தமை உலகெங்கும் அச்சத்தைப் பரப்பியது. அவர் நினைவாக இலண்டனில் தொடங்கிய நிதியத்தின் சார்பில் 1890 இல் ஆணைக்குழுவொன்று இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தது. அக்குழு கண்ட முடிபு நிதானமானது: நோய் பரம்பரையாய் வருவதன்று, தொற்றுதல் உண்டேனும் அதன் ஆபத்து மிகச் சிறியது, கட்டாயமாகப் பிரித்து வைத்தலுக்கு நியாயமில்லை. அறிக்கை 1893 இல் வெளிவந்தது. அதனை வேண்டியவர்களே அதனை ஏற்கத் தயங்கினர். 1897 இற் பேர்ளினிற் கூடிய முதலாவது அனைத்துலகத் தொழுநோய் மாநாடு நோர்வே முறையைப் பின்பற்றுமாறு கூறியது. 1898 இல் இந்தியாவிற் சட்டம் வந்தது; 1901 இல் இலங்கையிலும் கட்டளைச்சட்டம் வந்தது.

நோர்வே முறை என்ற பெயரிற் பரவியது நோர்வே முறையா என்பதை நோக்குதல் வேண்டும். அந்நாட்டின் 1885 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியறையும் தனிப்படுக்கையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். அது இயலாதவனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அச்சட்டத்தின் முற்பாதி வழியிலேயே தொலைந்து போயிற்று. இந்தியச் சட்டம் இரந்துண்ணும் வறிய நோயாளரையே குறிவைத்தது. இலங்கையிற் பங்களாவில் வாழ்ந்த செல்வர் தம் நோயை மறைத்துத் தனியறையில் வாழ்தல் கூடும். லயனிற் பிறந்தவனுக்குத் தனியறை ஏது?

இலங்கையில் இந்நோய் ஆங்கிலர் ஆட்சிக்கு முற்பட்டது. கொழும்புக்கு வடக்கே களனி ஆற்று முகத்துவாரத்தை அடுத்த ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708 இல் தொழுநோயாளருக்கென மருத்துவமனை அமைத்தனர். அஃது ஆசியாவின் மிகப் பழைய தொழுநோய் இல்லங்களுள் ஒன்று. கிழக்கில் மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மற்றொன்று எழுந்தது. ஒன்று ஆற்றங்கரையில், மற்றொன்று தோணியின்றிச் செல்லவியலாத் தீவில். ஸ்பிரிங்வெளியினின்றும் நோக்குவோர்க்கு இவ்விரண்டும் மலைநாட்டின் இரு எதிர்த்திசைகளில் உள்ளன. 1924 இற் பதுளைக்கு வந்த புகைவண்டி மேற்கே கொழும்பு நோக்கி இறங்கும். பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பெருவீதி கிழக்கே மட்டக்களப்புக்குச் செல்லும். எவ்வழியிற் சென்றாலும் உறவினர் பின்தொடர்ந்து பார்த்துவரக் கூடிய தூரமன்று. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம், பேர் விழாத நாளிற் சோறில்லாத குடும்பம், எத்தனை முறை மட்டக்களப்புக்குப் போய் வரும்?

இங்ஙனமிருக்க, தோட்டத்தில் நோயை மறைத்ததில் வியப்பென்ன? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872 இலேயே கட்டளைச்சட்டம் செய்யப்பட்டது. 1912 இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. மருந்துச்சாலைகளும் தோட்ட ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. ஆனால் அவை வேலையை நிறுத்தும் நோய்களுக்காக ஏற்பட்டவை. காய்ச்சல் வந்தவன் பெரட்டுக்களத்துக்கு வரமாட்டான். வயிற்றுளைவு கண்டவள் கொழுந்தெடுக்க மாட்டாள். கொக்கிப்புழுவால் இரத்தம் வற்றியவன் மண்வெட்டி பிடிக்க மாட்டான். இவை கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் உடனே தெரியும். தொழுநோயின் முதற் படை எந்தப் புத்தகத்திலும் தெரியாது. அது அரிப்பதுமில்லை, நோவதுமில்லை. அதை உடையவன் மற்றையோரைப் போலவே மலையேறுகிறான். பல ஆண்டுகள் ஏறுகிறான். அப்படை இன்னதெனத் தெரிந்தவனும் அதனைச் சட்டைக்குள் மறைத்தான். கூறினால் கிடைக்கப் போவது மருந்தன்று, பிரிவு.

மருந்தும் இல்லாமலில்லை. தூவரகம் என்னும் மரத்தின் விதையெண்ணெயைச் சுசுருதர் இந்நோய்க்கு விதித்துள்ளார். தமிழ் வைத்தியர் நீரடிமுத்து என வழங்குவது இவ்வினத்ததே. அதன் இனமான மகுளு மரம் இலங்கைக் காடுகளுக்கே உரியது. வங்காளத்தில் மௌவற் என்னும் ஆங்கில வைத்தியர் 1854 இல் இதன் இனமான சால்முக்ரா எண்ணெயை மேனாட்டு வைத்தியத்துக்கு அறிமுகஞ் செய்தார். குடித்தால் வாந்தி, ஊசியாய் ஏற்றினால் தோலின்கீழ்க் கட்டிபட்டு நோவு. ஹவாயில் அலிஸ் போல் என்னும் இளம் இரசாயன அறிஞர், கறுப்பினத்துப் பெண்மணி, அவ்வெண்ணெயைக் குருதியிற் கலக்கத்தக்க வடிவிற்கு மாற்றும் முறையைக் கண்டு, 1916 இல் இருபத்துநான்கு வயதிலேயே இறந்தார். அவர் வேலையை வேறொருவர் தம் பெயரில் வெளியிட்டார். நெடுங்காலத்தின் பின்னரே உண்மை வெளிப்பட்டது. கல்கத்தாவில் றொஜர்ஸ், மியூர் ஆகியோரும் இவ்வெண்ணெய் மருந்தைச் சீர்ப்படுத்தி முயன்றனர். ஆயினும் அம்மருந்து சிலருக்கே பயன் தந்தது. பயனை அறியவும் ஆண்டுகள் சென்றன. மெல்ல நடக்கும் நோயில், மருந்தால் நலம் வந்ததா, நோய் தானே அடங்கியதா என்று பிரித்தறிதல் எளிதன்று.

உண்மை மருந்து 1941 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையிற் தோன்றியது. அங்கே பேஜெற் என்பார் புரொமின் என்னும் சல்போன் மருந்தை நரம்பூசியாகச் செலுத்திப் பயன் கண்டார். அது விலையுயர்ந்தது, நாள்தோறும் ஊசி வேண்டுவது. வறிய நாடுகளுக்கு ஏற்ற வழியைத் தந்த பெருமையிற் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கு உரியது. செங்கற்பட்டுத் திருமணியிலுள்ள தொழுநோய் நிலையத்தில் றொபேட் கொக்ரேன், சல்போன்களின் தாய்ப் பொருளாகிய டாப்சோனையே 1946 இல் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்பொருள் 1908 இலேயே செருமனியில் ஆக்கப்பட்டு, நச்சுடையதென ஒதுக்கப்பட்டிருந்தது. அளவைக் குறைத்தவிடத்து நஞ்சு மருந்தாயிற்று. அடுத்து நைசீரியாவில் லோ என்பார் அதனை மாத்திரையாகவே கொடுக்கலாம் எனக் காட்டினார். விலை சில சதமே. எந்தத் தோட்ட மருந்துச்சாலையும் அலுமாரியில் வைத்துக் கொடுக்கக்கூடிய மருந்து அது.

அக்காலத்திலேயே வேலூரிலிருந்து மற்றொரு பேருண்மை புலப்பட்டது. கொல்லிமலையிற் பிறந்து வளர்ந்த ஆங்கிலர் போல் பிராண்ட் எலும்பு வைத்திய நிபுணராக 1946 இல் வேலூருக்கு வந்தார். திருமணி நிலையத்துக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிக் குறைந்த கையையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். அப்பிடியின் வன்மை அவரைத் திடுக்கிடச் செய்தது. அழுகிப்போனதாக உலகம் நம்பிய கையிற் தசை உயிரோடிருந்தது. பல ஆண்டு ஆராய்ந்து அவர் நிறுவியது இது: விரல்களைக் கிருமி தின்பதில்லை, உணர்ச்சியற்றமையால் நோயாளியே அறியாது அவற்றை இழக்கிறான். சூடான பாத்திரம், கூரிய கருவி, பொருந்தாச் செருப்பு, ஏன், உறங்கும்போது விரலைக் கடிக்கும் எலி, இவையே அழிவின் காரணம். எலிக்காக அவர் நோயாளருக்குப் பூனை கொடுத்தாராம். நரம்பிழந்த விரல்களுக்கு வேறு தசையின் நாணை மாற்றித் தைத்து மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையும் அவரால் வளர்ந்தது. விறகடுப்பில் வெறுங்கையாற் பானை இறக்கும் பெண்ணும், கவ்வாத்துக் கத்தியோடு வெறுங்காலில் மலையேறும் ஆணும் வாழுகின்ற லயன்களில் இக்கண்டுபிடிப்பின் பொருள் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. வலியை நாம் சாபம் என்கிறோம், அது காவலாளி.

இந்தக் கண்டுபிடிப்பு பழைய அச்சத்தின் அடித்தளத்தையே தகர்த்தது. ஆயின் அச்சம் அறிவைப் போல் விரைந்து மாறுவதன்று. 1948 இல் ஹவானாவிற் கூடிய அனைத்துலக மாநாடு, நோயாளியை நோயின் பெயராலேயே அழைக்கும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிடுமாறு வேண்டியது. தமிழிற் குஷ்டரோகி என்பது மாறித் தொழுநோயாளர் எனும் வழக்குப் பரவ மேலும் பல்லாண்டு சென்றது. இலங்கையில் 1954 இல் தொழுநோய் ஒழிப்பு இயக்கம் நிறுவப்பட்டது. மருந்து கிடைத்த பின்னும் 1901 ஆம் ஆண்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் ஏட்டில் நீடித்தது. இந்தியாவில் 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இலேயே நீக்கப்பட்டது. இந்து விவாகச் சட்டத்தில் இந்நோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கூறிய பிரிவு 2019 இலேயே எடுக்கப்பட்டது. நோய் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தீரக்கூடியதாகி ஒரு தலைமுறைக்கு மேற் கடந்த பின்னரும், அதனைக் கூறி மனைவியைத் தள்ளிவிடச் சட்டம் இடங்கொடுத்தது என்பதை நம் மாணவர் நம்புதல் அரிது.

டாப்சோன் கிருமியைக் கொல்வதினும் தடுப்பதே பெரிதாகையால், பலர் ஆயுள் முழுவதும் அதனை உட்கொள்ள வேண்டியிருந்தது. கிருமியும் வாளாவிருக்கவில்லை. அதனை வளர்க்கும் ஊடகம் எதுவும் கிட்டாதிருந்த நிலையில், 1960 இல் செப்பேட் என்பார் சுண்டெலியின் பாதத்தில் அது சிறிதளவு பெருகுமெனக் காட்டினார். அம்முறையைக் கொண்டு, தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்ந்த மலாயாவிலுள்ள சுங்கை பூலோ நிலையத்து நோயாளரிடம் டாப்சோனுக்கு அடங்காத கிருமி உண்டாகிவிட்டமை 1964 இல் நிறுவப்பட்டது. 1971 இல் ஆர்மடில்லோ என்னும் ஓட்டு விலங்கின் உடலிற் கிருமி ஏராளமாகப் பெருகக் கண்டமையால் ஆராய்ச்சி விரைந்தது. ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981 இல் விதித்தது. ரிபாம்பிசின் ஒரேயொரு வேளை உட்கொண்டதும் கிருமிகளிற் பெரும்பாலன மடிகின்றன. நோயாளி சின்னாளிற் பிறருக்குத் தொற்றாதவனாகிறான். மதிலுக்கும் தீவுக்கும் இருந்த கடைசி நியாயமும் அதனோடு போயிற்று.

இலங்கை 1983 இல் இம்முறையை நாடெங்கும் மேற்கொண்டது. அவ்வாண்டு யூலையிற் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன என்பதையும் இவ்விடத்து நினையாதிருத்தல் இயலாது. மருந்து அட்டையை ஒழுங்காகப் பெற ஒருவன் ஒரே இடத்தில், அஞ்சாது வாழ்தல் வேண்டும். பிரசாவுரிமையிழந்தும், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டும், கலவரங்களால் இடம்பெயர்ந்தும் அலைந்த மலைநாட்டு மக்களுக்கு அது எளிதாய் அமையவில்லை. 1990 இல் வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி ஆகியவற்றின் மூலம் பெரும் விளம்பர இயக்கமொன்று நடந்தது. நோயின் கொடுமையைக் காட்டாது, படையைக் காட்டுங்கள், மருந்து உண்டு என்று மட்டும் அது கூறியது. மறைந்திருந்தோர் தாமே வந்து காட்டினர். கண்டறியப்பட்டோர் தொகை பெரிதும் உயர்ந்தது. அவர்களை வெளியே கொணர முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டத்தால் இயலாதது ஒரு நற்சொல்லால் இயன்றது. 1995 இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நோய் நீங்கியது என நாடு அறிவித்தது. பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்குக் குறைந்தமையே அதன் பொருள். 2001 முதல் சிகிச்சை பொது வைத்தியசாலைகளோடு இணைக்கப்பட்டது.

அவ்வறிவிப்பின் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்தனர். அவருள் மிகுதியானோர் மேல் மாகாணத்தினர்; கிழக்கில் மட்டக்களப்பிலும் தொகை கூடியதே. ஊவாவின் தோட்டங்களல்ல இந்நோயின் தலைநிலம். கடல் கடந்து வந்தவனே நோயைக் கொணர்ந்தான் என எண்ணுதல் எவர்க்கும் எளிது. ஒல்லாந்தர் எழுப்பிய ஹெந்தளைச் சுவர்களோ முதலாவது கோப்பித் தோட்டத்துக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவை. ஆனால் நோய் குறைந்த இடத்திற்கு வேறோர் ஆபத்து உண்டு. அரிதாகக் காணும் நோயை வைத்தியர் நினைப்பதில்லை. தேமல் என்றும் படை என்றும் களிம்பு பூசி ஆண்டுகள் கழியும். அதற்குள் முழங்கை நரம்பு தடித்துச் சிறுவிரல் மடங்கிவிடும். மருந்து கிருமியைக் கொல்லும்; இறந்த நரம்பை மீட்காது.

மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மூக்கின்வழி வெளிப்படும் துளிகளால், மருந்து உட்கொள்ளாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோர்க்கே பெரும்பாலும் இது பற்றுகிறது. ஆதலின் ஒருவரிடம் நோய் கண்டால் அவர் வீட்டாரையும் அண்டை அயலாரையும் சோதித்தல் முறை. அவர்களுக்கு ஒருவேளை ரிபாம்பிசின் கொடுத்தால் நோய் தோன்றும் வாய்ப்பு முதலிரு ஆண்டுகளிற் பாதிக்குமேற் குறையும் என வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்வொன்று 2008 இற் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் இதனைப் பரிந்துரைத்தது. 2015 முதல் பல நாடுகளில் இம்முறை நடைமுறையிற் சோதிக்கப்பட்டபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. லயனில் அண்டை வீடென்பது ஒரு சுவருக்கு அப்பால் உள்ளது. பல இடங்களில் அச்சுவர் கூரையைத் தொடுவதுமில்லை. ஒரு லயன் வரிசையில் ஒருவரிடம் படை கண்டால் எத்தனை காம்பராக்களைச் சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவ ஏடுகள் கூறா. லயனில் வாழ்ந்தவரே கூறுதல் வேண்டும்.

சோதனைக்கு வேண்டிய கருவி பஞ்சு. பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, வெளிறிய படையிலும் அதனருகேயுள்ள நல்ல தோலிலும் பஞ்சின் நுனியால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்வர். நல்ல தோலைத் தொட்டபோது பிள்ளை விரலால் அவ்விடத்தைக் காட்டும். படையைத் தொட்டபோது, இன்னும் தொடவில்லையென்று எண்ணிக் கண்ணை மூடியபடியே காத்திருக்கும்.